மூன்றாவது வரிசைக் கை

எங்கள் மூன்றாவது மாடியில் யாருடைய கை எத்தனை நாள் நின்றால் பரவாயில்லை என்று முடிவு செய்தவள் நான்தான். யாரும் எனக்கு ஓட்டுப் போடவில்லை. நவிலன் வந்து கேட்டான், நான் சொன்னேன். கேட்டதற்குச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. கேட்காததற்கும் சொல்லிவிடுவேன் என்று மூலை வீட்டுப் பூபதி சொல்லித் திரிகிறார். அந்த மனிதர் மொட்டை மாடியில் நாள் பூராவும் சீட்டு விளையாடுகிறவர். அவர் பேச்சை யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

பதினோரு வருடத்துக்கு முன் திருப்பூரில் வந்த காய்ச்சலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்தால் இரண்டு கையிலும் விரல் பேச்சுக் கேட்காது. தட்டில் சோறு இருக்கும், அள்ள முடியாது. பனியன் தைத்தே பிழைத்த ஊரில் விரலும் போய்விட்டால் என்ன மிச்சம்? அதற்காகத்தான் காப்பு வந்தது. மணிக்கட்டில் ஒரு பட்டை, முழங்கைக்குள் தலைமுடி கனத்தில் ஒரு கம்பி. மனசு நினைப்பதை விரலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆரம்பத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி பொம்மைக் கைதான். போகப்போக ஆளைக் கற்றுக்கொள்ளும். நான் வெங்காயம் நறுக்குகிற வேகம், கோபம் வந்தால் பாத்திரத்தை வைக்கிற விதம் எல்லாம் என் காப்புக்கு அத்துப்படி. ஆறு மாதத்தில் அது நம் கையாகிவிடும்.

தினமும் படுக்கப்போகும்போது கையைச் சார்ஜர் மேடைமேல் வைத்தால், காப்பு ஊருக்குள் இருக்கிற கைத்துணை மையத்துச் சர்வரோடு பேசும். புது மென்பொருள் வந்திருந்தால் வாங்கிக்கொள்ளும். தான் கற்றதில் ஒரு நகலை அங்கே கொடுத்து வைக்கும். இப்படி ஆயிரத்து எண்ணூற்று நாற்பது கைகள். அந்தச் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவன் நவிலன். எங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்தான். முப்பது வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு என்னிடம் மூன்று காரணங்கள் இருந்தன. மூன்றும் நானாகக் கண்டுபிடித்தவை.

எதிர்வீட்டுச் சுமித்ராவைப் பற்றி என்னிடம் காரணமே இல்லை. என் வயசுதான், அறுபத்திரண்டு. தினமும் மூன்று மணிக்கு முகத்துக்குப் பவுடர் போட்டு, பையை மாட்டி, வீட்டைப் பூட்டிக்கொண்டு போவாள். பொழுது சாயத்தான் வருவாள். எங்கே போகிறாள் என்று ஏழு வருடத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன், நேராகவும் கேட்டேன். "சும்மாதான்" என்பாள். சும்மா போகிறவள் எதற்குப் பவுடர் போடுகிறாள்?

இப்போது தெரியும். ஊத்துக்குளி போகிற வழியில் ஓர் இல்லத்தில் அவள் தம்பி மோகன்ராஜ் இருக்கிறார். எங்களுக்கு விரலை எடுத்த காய்ச்சல், அவருக்கு விரலை விட்டுவிட்டுக் கண்ணையும் காதையும் எடுத்தது. மூக்கையும் விடவில்லை. தொட்டால் தெரிகிற இடமென்று மிஞ்சியது இடது உள்ளங்கை ஒன்றுதான். அந்த மனிதரைக் காய்ச்சல் ஒரு உள்ளங்கை அளவுக்கு விட்டுவைத்தது என்று சொல்ல வேண்டும். அவர் வாயால் பேசுவார். சுமித்ரா அவர் கையில் விரலால் எழுதிப் பதில் சொல்வாள். உலகத்திலிருந்து அவருக்கு வருகிற சேதியெல்லாம் அவள் ஆள்காட்டி விரல் வழியாகத்தான் வந்தது. இது எனக்கு வைகாசியில் தெரியாது. நவிலன் வைகாசியில் வந்தான்.

"அக்கா, ஒரு உதவி வேணுமுங்க."

"உக்காரு. ரசம் குடிக்கறியா?"

"குடுங்க. எங்க சர்வருக்கு ஒம்பது வயசாச்சுங்க. ஆவணில புதுசுக்கு மாத்தறோம். மாத்தறப்ப எசகுபிசகா ஏதாச்சும் ஆச்சுன்னா, எந்தக் கையை முதல்ல எழுப்பறது, எதைக் கடைசியா எழுப்பறதுன்னு இப்பவே எழுதி வெக்கோணும்."

"ஆடிலயே மாத்தினா என்ன?"

"எங்க மையத்துத் தலைவர் ஒத்துக்கலீங்க்கா. ஆடில அவர் மிக்ஸி கூட வாங்க மாட்டாரு."

"சரி, அவங்கவங்களையே கேட்டு எழுதறதுதானே?"

"கேட்டமுங்க. வீட்டுக்கு வீடு ஃபாரம் குடுத்தோம். ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது பேரும் 'ஒரு நிமிஷம் கூடப் பொறுக்க முடியாது'ன்னு எழுதியிருக்காங்க. உங்க மாடிப் பூபதி 'அரை நிமிஷம்'னு எழுதியிருக்காரு."

"சீட்டுப் பிடிக்கோணுமல்ல."

நவிலன் சிரித்தான். "அதனாலதான், மாடிக்கு ஒருத்தர்கிட்ட விசாரிச்சுப் போட்டுக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். உங்க மாடியைப் பத்தி உங்களை விட்டா ஆருக்குத் தெரியும்?"

இப்படி ஒருவன் சொல்லும்போது யாருக்குத்தான் நாக்கு நிற்கும்? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அவன் ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டே கேள்வி வைத்திருந்தான். எத்தனை நாள் பொறுக்கலாம்? எவ்வளவு இழக்கலாம்?

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லீங்க்கா. முதல் கேள்வி, கை திரும்ப வர்ற வரைக்கும் எத்தனை நாள் தாங்குவாங்கன்னு. ரெண்டாவது, வர்ற கை எந்த அளவுக்குப் பழைய கையா இருக்கோணும்னு. முதல் வரிசைன்னா தினமும் நகல் எடுப்போம், அப்படியே பழைய கை வரும். ரெண்டாவது வரிசைக்கு மாசம் ஒருக்கா. மூணாவதுக்கு நகலே கிடையாது, எடம் பத்தாது. மொதல்ல குடுத்த பொம்மைக் கைதான் வரும். மறுபடி பழக்கோணும்."

அவன் தெளிவாகத்தான் சொன்னான். நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே கேட்டேன். அவன்மேல் குற்றம் சொல்ல முடியாது.

முதல் வீட்டு மகாலட்சுமிக்கு இரட்டைப் பிள்ளைகள், முதல் வரிசை. பூபதிக்கு இரண்டாவது. "ரெண்டு நாள் சீட்டு இல்லாம இருந்தா அவரு பொண்டாட்டி எனக்குக் கோயில் கட்டுவா" என்றேன். அப்படியே போய்ச் சுமித்ராவில் நின்றோம்.

"எத்தனை நாள் பொறுக்கலாமுங்க?"

"அவளுக்கென்ன! மகன் கூடவே இருக்கான். மருமக சமைச்சுப் போடறா. இவ பவுடரைப் பூசிக்கிட்டு ஊர் சுத்தறா. பத்து நாள் கூடப் பொறுப்பா."

"எவ்வளவு இழக்கலாமுங்க?"

"இழக்கறதுக்கு அவ கையில அப்படியென்ன வித்தை இருக்குது?"

அவன் மூன்றாவது வரிசை என்று தட்டச்சு செய்துகொண்டான். ரசம் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான். என்னை எந்த வரிசையில் போடுவது என்று அவன் கேட்கவில்லை. இவ்வளவு செய்த எனக்கு முதல் வரிசை கொடுக்காமலா போவான் என்று விட்டுவிட்டேன்.

ஆவணி முதல் ஞாயிறு, காலை பதினோரு மணி. சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கத்தி கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தால் விரல் மடங்கவில்லை. அதே நேரம் மேலேயிருந்தும் கீழேயிருந்தும் பாத்திரம் விழுகிற சத்தம். வீடு வீடாக, மாடி மாடியாக, எவர்சில்வர் மழை பெய்தது போல. பிறகு ஒரு நிமிடம் கட்டடமே வாயை மூடிக்கொண்டது.

புதுச் சர்வரைப் போட்டதும் அது ராத்திரிச் சார்ஜருக்குக் காத்திருக்காமல் எல்லாக் காப்புகளையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டிருக்கிறது. பாதி மென்பொருளைக் கொடுத்துவிட்டு மூச்சு நின்றுவிட்டது. பாதி எழுதிய காப்பில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. ஒத்திகை பார்க்கவில்லையா என்று பிறகு நவிலனைக் கேட்டேன். "ரெண்டு பொய்க் கையை வெச்சுப் பாத்தமுங்க்கா. ரெண்டும் நல்லாத்தான் எந்திரிச்சுது" என்றான். ஆயிரத்து எண்ணூறு ஒன்றாக எழுந்திருக்கும் என்று அவர்கள் நினைக்கவில்லை. ஒரு கையை எழுப்ப ஐந்து நிமிடம். ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எழுப்ப முடியும். ராப்பகலாக எழுப்பினாலும் ஆறரை நாள்.

என் கை அன்று சாயங்காலமே வந்துவிட்டது. கத்தியை எடுத்து மிச்ச வெங்காயத்தை உரித்தேன், அதே வேகம். ஒன்றும் போகவில்லை. பால்கனியில் நின்று நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி துணி காயப்போட்டேன்.

அடுத்த இரண்டு நாள், மறைக்க மாட்டேன், எனக்குத் திருவிழாதான். நின்ற கைக்காரர்களுக்குத் தலை வாரிவிட வேண்டும், சோறு ஊட்ட வேண்டும், மாத்திரையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எல்லார் வீட்டு அடுப்பங்கரைக்குள்ளும் போனேன். யார் வீட்டில் அரிசி டப்பாவில் பூச்சி, யார் புருஷன் பெண்டாட்டிக்கு ஊட்டிவிடுகிறான், யார் ஊட்டாமல் தொலைக்காட்சி பார்க்கிறான் என்று எல்லாம் கண்ணால் கண்டேன். பூபதிக்கு நான்தான் மீசையை ஒதுக்கிவிட்டேன். ஒரு பக்கம் கொஞ்சம் குறைந்துவிட்டது.

மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு எதிர்க்கதவு திறந்து கிடந்தது. சுமித்ரா வாசலில் நின்றிருந்தாள். முகத்தில் பவுடர் இல்லை. பையைப் பல்லால் கடித்து எப்படியோ தோளில் ஏற்றியிருந்தாள்.

"எங்க கிளம்பிட்டே இந்தக் கையோட?"

"பூட்டிக் குடு கோகிலா. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிட்டாங்க."

பூட்டினேன். சாவியை அவள் பையில் போட்டேன். அவள் படியிறங்காமல் நின்றாள்.

"உன்ற கை நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்குதே. ஏன்?"

"கூட வா. எனக்கு உன்ற கை வேணும்."

ஏழு வருடமாகக் காத்திருந்த அழைப்பு. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். பஸ்ஸில் எல்லாவற்றையும் சொன்னாள், ஜன்னலைப் பார்த்தபடி.

"இத்தனை வருசத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல சுமித்ரா?"

"சொன்னா எல்லாரும் பாக்க வந்துருவீங்க. பாத்துட்டு வந்து பேசுவீங்க. அவன் என்ன பொருட்காட்சியா?"

டிக்கெட்டை மடித்து மடித்து விரித்தேன். மூன்றாவது வரிசையைப் பற்றி அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் சொல்லாமல் வைத்துக்கொண்ட முதல் விஷயம் அதுதான்.

மோகன்ராஜ் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மெலிந்த ஆள், சுத்தமாக மழித்த முகம். இடது கை மட்டும் தலையணைமேல் மல்லாந்து, யாரோ எதையோ வைக்கப் போகிறார்கள் என்பது போல விரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சாப்பிடவில்லை என்று நர்ஸ் சொன்னாள். "அக்கா வந்தாத்தான் சாப்பிடுவாராமா. எங்களுக்கு எடுத்துச் சொல்லத் தெரியலீங்க, அவருக்குக் கேக்கவும் மாட்டேங்குது."

சுமித்ரா என்னைக் கட்டிலோரம் உட்காரவைத்தாள். "மெதுவா எழுது. ஒவ்வொரு எழுத்தா எழுது. 'நான் கோகிலா, எதிர்வீடு. உன் அக்கா பக்கத்துல நிக்கறா. அவ கை நின்னு போச்சு. நாலஞ்சு நாள்ல வந்துரும். அதுவரைக்கும் நான் எழுதுவேன். நீ சாப்பிடு.'"

நான் அந்தக் கையைப் பிடித்தேன். குளிர்ந்திருந்தது. என் விரல் பட்டதும் அந்த முகம் மலர்ந்தது பாருங்கள், அதை என்னால் தாங்க முடியவில்லை. இவ்வளவு நீளத்தையும் எழுதி, கை நின்றது போனது என்றெல்லாம் சொல்லி, அந்தச் சிரிப்பைக் கெடுக்க வேண்டுமா? ஒரு வரியை ஒன்பது வரியாக்கிச் சொல்கிறவள் நான். அன்றைக்கு ஒன்பது வரியை ஒரு வரியாக்கினேன்.

'அக்கா வந்துட்டேன். சாப்பிடு.'

சிரிப்பு இரண்டாவது வார்த்தையிலேயே போய்விட்டது. அவர் விரல்களை மெல்ல மடக்கினார்.

"ஆருங்க நீங்க?" என்றார். காது கேட்காதவர் குரல், அறைக்குப் பெரிதாக இருந்தது. "எங்க அக்கா இப்படி எழுத மாட்டா. நீங்க ஆருங்க? எங்க அக்காவுக்கு என்னாச்சு?"

சுமித்ரா என் பக்கம் திரும்பினாள். "என்ன எழுதுனே?"

சொன்னேன்.

"நான் சொன்னதை எழுதச் சொன்னா..." அவள் முடிக்கவில்லை. நான் பதறிப்போய் உண்மையை எழுதப் பார்த்தேன். அவர் கையை இறுக மூடி மார்போடு சேர்த்துக்கொண்டார். "பொய் சொல்றதுன்னா எழுதாதீங்க" என்றார். "அக்கா செத்துட்டான்னா செத்துட்டான்னு எழுதுங்க." சுமித்ரா தன் நின்றுபோன கையை அந்த மூடிய கைமேல் வைத்து அழுத்தினாள். புறங்கையில் தொட்டால் அவருக்குத் தெரியாது. அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "டிரிப்ஸ் போடறேன்னாங்க. கை வந்துட்டாச் சரியாயிரும்" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள். எனக்கா, அவளுக்கா தெரியவில்லை.

இறங்கியதும் நேராகக் கைத்துணை மையத்துக்குப் போனேன். வாசலில் ஊரே நின்றது. கவுன்சிலரின் மாமியாருக்காக ஒருவர், கல்யாணப் பெண்ணுக்காக ஒருவர், ஆளுக்கொரு சிபாரிசு. நவிலன் மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகத்தோடு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். என் ரசம் குடித்தவன், என்னை உள்ளே விட்டான்.

"சுமித்ராவை முன்னால ஏத்துடா."

"முடியாதுங்க்கா. ஒருத்தரை ஏத்தினா வெளிய நிக்கற அத்தனை பேரையும் ஏத்தோணும்."

தம்பியைப் பற்றிச் சொன்னேன். சேர்க்காமல், குறைக்காமல் சொன்னேன். அவன் தலையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். பிறகு மூன்று பேருக்குப் போன் போட்டான், கையெழுத்து வாங்கினான். "வியாழக்கிழமை காலைல போட்டுத் தர்றேன்" என்றான். எனக்கு உயிர் வந்தது. சாதித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

"ஆனா அக்கா," என்றான், "முன்னால கொண்டுவரலாம். எதைக் கொண்டுவர்றது?"

"என்னடா சொல்றே?"

"அவங்க பழைய கை எங்ககிட்ட இல்லீங்க. மூணாவது வரிசையோட நகலை அழிச்சுத்தான் முதல் வரிசைக்கு எடம் பண்ணுனோம். காப்புல இருந்ததும் ஞாயித்துக்கெழமை போயிருச்சு. வரப்போறது பொம்மைக் கைதான்."

"எதுக்கு அழிச்சீங்க?"

அவன் திரையை என் பக்கம் திருப்பினான். சுமித்ரா, 3டி. பொறுக்கலாம்: பத்து நாள். இழக்கலாம்: முழுவதும். காரணம் என்று ஒரு கட்டம். அதில் நான் சொன்னது எழுத்து மாறாமல் இருந்தது. 'இழக்கறதுக்கு அவ கையில அப்படியென்ன வித்தை இருக்குது?'

"இதை இப்படியேவா போட்டே?"

"நீங்க சொன்னதைத்தானுங்க்கா போட்டேன்."

அவன் குரலில் குத்தல் இல்லை. அதுதான் குத்தியது.

அன்றே போய்ச் சுமித்ராவிடம் சொன்னேன். வாசலில் நின்றபடி சொன்னேன், உட்கார மனம் வரவில்லை. மூன்றாவது வரிசையில் போட்டது நான், இந்த வார்த்தையைச் சொன்னதும் நான். அவள் தன் கையைப் பார்த்தாள்.

"நான் எங்க போறேன்னு சொல்லாததுக்காகவா?"

ஆமாம் என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது, இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

வியாழக்கிழமை கை வந்தது. கூட வரலாமா என்று கேட்டேன். வா என்றாள். வேண்டாம் என்றிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வலது கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது; இடது கை மறுபடி தலையணைமேல் விரிந்திருந்தது. பிடிவாதம் பிடிக்கக் கூட அவருக்குத் தெம்பில்லை. சுமித்ரா எழுதினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பள்ளிக்கூடத்துக் கரும்பலகை எழுத்து மாதிரி, உருண்டை உருண்டையாக, எல்லாம் ஒரே அளவு.

'மோகனு. நான்தான்டா. கை நின்னு போச்சு. இப்ப வந்துருச்சு.'

"நல்லாத்தான் எழுதறீங்க," என்றார் மோகன்ராஜ். "ஆனா எங்க அக்கா இல்லீங்க. அவ எழுத்து ஒரு பக்கமாச் சாஞ்சு போகும். அவசரக்காரி. வார்த்தை முடிஞ்சா விரல் முட்டியால ஒரு குத்துக் குத்துவா."

சுமித்ரா அடுத்த வார்த்தையை எழுதி முட்டியால் குத்தினாள்.

"அது நான் சொன்னதுனால பண்றீங்க" என்றார் அவர்.

அம்மா பேரை எழுதினாள். வேலம்பாளையத்து வீட்டைப் பற்றி, அவர் சின்ன வயசில் கிணற்றில் விழுந்ததைப் பற்றி எழுதினாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "எல்லாம் நிசந்தான். சொல்லிக் குடுத்துட்டுத்தான் போயிருக்கா. செவ்வாக்கெழம ஒருத்தர் வந்து அக்கான்னாங்க, இன்னிக்கு நீங்க வந்து அக்காங்கறீங்க. எத்தனை பேருதான் அக்காவா இருப்பீங்க?" நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அவருக்கு நான் அங்கிருப்பது தெரியாது என்பது அந்த நேரத்தில் எனக்கு ஒரு சலுகையாகப் பட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, "நான் சாப்பிடலேன்னுதானே உங்களைக் கூட்டிட்டு வந்தாங்க?" என்று கேட்டார். "வெசனப்படாதீங்க. சாப்பிடறேன். வெளியாள்கிட்ட அடம்பிடிக்கறது மரியாதை இல்லைங்க."

சுமித்ரா ஊட்டினாள். நாற்பத்தெட்டு வருடம் 'போடி', 'வாடி' என்று கூப்பிட்ட வாய், ஒவ்வொரு கவளத்துக்கும் "போதுமுங்க, போதுமுங்க" என்றது.

இப்போதும் தினமும் போகிறாள். அவருக்கு அவள் இல்லத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு அம்மா. நல்ல மாதிரி, கை மட்டும் கொஞ்சம் பள்ளிக்கூட வாத்தியார் கை. அந்த அம்மாவிடம் தன் அக்காவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவள் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கம்பெனிக்குப் போனது தனக்காகத்தான் என்று சொல்கிறார். அவளிடம் ஒருநாளும் அதைச் சொன்னதில்லையாம். "அக்கா தம்பிக்குள்ள அதையெல்லாம் பேசிக்கறதுங்களா?" என்று கேட்டாராம். சுமித்ரா 'இல்லைங்க' என்று எழுதினாளாம்.

ஆறு மாதத்தில் காப்பு பழையபடி கற்றுக்கொள்ளும் என்றார்களே என்று நவிலனிடம் கேட்டேன். "அவங்க எப்படி எழுதறாங்களோ அதைத்தானுங்க்கா கத்துக்கும்," என்றான். "இப்ப அவங்க எழுதறது வெளியாள் எழுத்து. தம்பிக்குப் புரியோணும்னு நிதானமா எழுதறாங்க. அதுவும் அதைத்தான் பழகுது." நான் சுமித்ராவிடம் இதைச் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருக்கும்.

தை மாதம் நவிலன் மறுபடி வந்தான். இளைத்திருந்தான். ஐந்து மாதத்தில் காதோரம் நரைத்திருந்தது. மையத்தில் புதுத் திட்டம் எழுதுகிறார்கள். இந்தத் தடவை நகல் எல்லாருக்கும் உண்டு, வேறு ஊரில் இன்னொரு சர்வரும் உண்டு. வரிசை மட்டும் இருக்கத்தான் செய்யும்; எல்லாக் கையும் ஒன்றாக எழுந்திருக்க முடியாதாம்.

"என்னைக் கேக்காதே" என்றேன், அவன் வாயைத் திறக்கும் முன்பே.

"இல்லீங்க்கா. இந்தத் தடவை ஒவ்வொருத்தர் கூடவும் ஒரு நாள் பூரா இருந்து பாத்துத்தான் போடறோம். பழைய குறிப்பெல்லாம் சரியான்னு பாக்கறேன். உங்களோடது முடிஞ்சுது."

"என்றதுல என்ன குறிப்பு? நீயா போட்டதுதானே? ரசத்துக்குத்தானே முதல் வரிசை?"

அவன் சங்கடமாகச் சிரித்தான். "தன்னைப் பத்தித் தானே சொல்லக் கூடாதுங்கறது விதிங்க. மாடிக்கு உங்களைக் கேட்டேன். உங்களுக்கு எதிர்வீட்டுல கேட்டேன்."

திரையைத் திருப்பினான்.

கோகிலவாணி, 3சி. பொறுக்கலாம்: ஒரு நாள் கூட ஆகாது. இழக்கலாம்: ஒன்றும் ஆகாது. காரணம்: 'ஒண்டிக்கட்டை. பேச ஆள் வேணும்னு வீடு வீடாப் போய்க் கதவு தட்டறவ. கை நின்னா வீட்டுக்குள்ளயே அடைஞ்சு போயிருவா. அவளை முதல்ல எழுப்பி விடுங்க.' சொன்னவர்: சுமித்ரா, 3டி.

கீழே போன வைகாசித் தேதி. என் ரசம் குடித்த அதே நாள். அவன் என் வீட்டிலிருந்து எழுந்து நேராக எதிர்வீட்டுக்குப் போயிருக்கிறான்.

"இப்ப மறுபடி கேட்டியா?"

"கேட்டனுங்க. நேத்து."

"என்ன சொன்னா?"

"'அதேதான், மாத்த வேண்டாம்'னு சொன்னாங்க."

அவன் போன பிறகும் நான் வாசலிலேயே நின்றேன். மூன்று மணிக்கு எதிர்க்கதவு திறந்தது. பவுடர், பை. சுமித்ரா சாவியை நிதானமாகத் திருப்பினாள், ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள்.

"என்ன அம்மிணி, வாசல்லயே நிக்கறே? ஏதாச்சும் சேதியா?"

என்னிடம் ஒரே ஒரு சேதிதான் இருந்தது. அது எனக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஒண்ணுமில்ல," என்றேன். "போ, பஸ்ஸு போயிரும்."